சூனாபட்டியும் நம் பூர்வீக வீட்டுச் சுவர்களும்

மும்பையின் ஹார்பர் லைனில் வடாலாவிலிருந்து செம்பூருக்குப் போகிற அன்பர்கள், குரு தேக் பகதூர் நகருக்கும் குர்லாவுக்கும் நடுவே சூனாபட்டி என்கிற ஸ்டேஷனைத் தாண்டித்தான் போகிறார்கள். 'சூனா' என்றால் சுண்ணாம்பு. 'பட்டி' என்றால் சூளை. நம் பக்கத்தில் சுண்ணாம்புக் காளவாய் என்று சொல்வோமே, அதேதான். ஒரு காலத்தில் அங்கே எரிந்துகொண்டிருந்த சூளைகள்தான் அந்தப் பேட்டைக்குப் பெயர் தந்தன. சூளைகள் போய்விட்டன; பெயர் மட்டும் நின்றுவிட்டது.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியேறி மூன்று நான்கு தலைமுறை கண்ட நம்மவர்களில் பலருக்கு இன்னமும் ஊரில் ஒரு பூர்வீக வீடு இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் அக்ரஹாரத்திலோ, பாலக்காட்டில் ஒரு கிராமத்திலோ, தாமிரபரணிக் கரையிலோ இருக்கலாம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று நீண்டு கிடக்கும் அந்த வீட்டின் சுவரில் காரை பெயர்ந்துவிட்டது என்று ஊரிலிருந்து தகவல் வருகிறது. இங்கிருந்து பணம் போகிறது. அங்கே ஒரு மேஸ்திரி சிமெண்டைக் குழைத்து அப்பிவிட்டுப் போகிறார். இரண்டு மூன்று மழைக்காலம் போனதும் சுவர் முன்னைவிட மோசமாக உப்புப் பூத்து, செங்கல்லோடு சேர்ந்து உதிர்கிறது. 'வீட்டுக்கு வயசாகிவிட்டது, இனி தாங்காது' என்று தீர்மானமாகிறது. பிறகு விற்பனை, அல்லது இடிப்பு.

அப்படி இடிந்த வீடுகளில் பல வயதினால் போகவில்லை. பொருந்தாத வைத்தியத்தினால் போயின. அது எப்படி என்பதை விளங்கிக்கொள்ள, சுண்ணாம்பின் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். அந்தக் கதையில் மும்பைக்கும் பங்கு உண்டு.

சுண்ணாம்பால் எழுந்த நகரம்

தாராவியின் ஓரத்தில் மித்தி நதிக்கு அருகே 'காலா கில்லா' என்று ஒரு சிறிய கோட்டை நிற்கிறது. ரீவா கோட்டை என்றும் அதற்குப் பெயர். பம்பாய் கவர்னராக இருந்த ஜான் ஹார்ன் உத்தரவின்படி 1737-ல் கட்டப்பட்டதாக அதன் கல்வெட்டு சொல்கிறது. அங்கிருந்து சிறிது தூரத்தில் சயான் குன்றின்மேல் இருக்கும் கோட்டை அதற்கும் முந்தியது. 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்கிற கொத்தனார் போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1824-ல்தான். ஆகவே அதற்கு முன் பம்பாயில் எழுந்த கோட்டை, கோயில், மாதா கோயில், மசூதி எல்லாவற்றுக்கும் கல்லையும் செங்கல்லையும் பிடித்து நிறுத்தியது சுண்ணாம்புச் சாந்துதான். அதற்குப் பிறகும் நூறு வருஷங்களுக்கு மேல் அதுவே நடந்தது. கிர்காவ் பகுதியின் பழைய வாடிகளிலும் கோட்டாச்சிவாடியிலும் மரச்சட்டம், செங்கல், சுண்ணாம்புக் காரை என்று கட்டிய வீடுகளை இன்றும் பார்க்கலாம்.

தாராவியில் இன்னொரு சுண்ணாம்பு சரித்திரமும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர்கள் அங்கே தோல் பதனிடும் தொழிலை வளர்த்தார்கள். தோலிலிருந்து ரோமத்தை நீக்கச் சுண்ணாம்புத் தண்ணீர் வேண்டும். பதனிடக் கடுக்காய் போன்ற துவர்ப்புச் சரக்கு வேண்டும். நம் ஊரில் கொத்தனார் சாந்தில் சேர்த்ததும் இதே சுண்ணாம்பும் கடுக்காயும்தான். நாம் மறந்த இரண்டு பொருள்களை நம் தமிழ்ச் சகோதரர்கள் வேறொரு தொழிலில் நமக்குப் பக்கத்திலேயே கையாண்டுகொண்டிருந்தார்கள்.

1896-ல் பம்பாயைப் பிளேக் நோய் உலுக்கியது. நெருக்கடியான, காற்று நுழையாத குடியிருப்புகளே காரணம் என்று கருதி, 1898-ல் பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் ஏற்படுத்தப்பட்டது. அந்த டிரஸ்ட் போட்ட தாதர் - மாட்டுங்கா திட்டத்தால்தான் அகலமான தெருக்களும், மரங்களும், ஃபைவ் கார்டன்ஸும், இரண்டு மூன்று மாடிக் கட்டிடங்களும் வந்தன. தென்னிந்தியர்கள் கூட்டமாக மாட்டுங்காவில் குடியேறியது 1920-களிலும் 1930-களிலும். அந்த வருஷங்களில்தான் கட்டிடத் தொழில் சுண்ணாம்பை விட்டு சிமெண்டுக்கு மாறிக்கொண்டிருந்தது.

இந்தியாவில் சிமெண்ட் தயாரிக்க முதல் முயற்சி நடந்தது நம் சென்னையில், 1904-ல். கடல் கிளிஞ்சலை மூலப்பொருளாக வைத்துச் செய்த அந்த முயற்சி நிலைக்கவில்லை. 1914-ல் போர்பந்தரில் தொடங்கிய ஆலை வெற்றி கண்டது. 1936-ல் பல கம்பெனிகள் ஒன்றாகி ஏ.சி.சி. பம்பாயைத் தலைமையிடமாகக் கொண்டு உருவானது. ஆகவே மாட்டுங்காவின் பழைய கட்டிடங்களில் இரண்டு யுகமும் கலந்து கிடக்கிறது. சிலவற்றில் செங்கல் சுவரும் சுண்ணாம்புச் சாந்தும். சிலவற்றில் கம்பி போட்ட கான்கிரீட். மொட்டை மாடியில் நீர் கசியாமலிருக்கப் போடும் 'ப்ரிக்பேட் கோபா'வைக்கூட ஆதியில் உடைத்த செங்கல்லோடு சுண்ணாம்பைச் சேர்த்தே இடித்தார்கள்.

கல்லாகித் திரும்பும் சாந்து

சுண்ணாம்பின் விசேஷம் அது ஒரு சுற்றுச் சுற்றி வருவது. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சுமார் 900 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்தில் சுட்டால் அதிலுள்ள கரியமிலவாயு வெளியேறிவிடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் விட்டால் கொதித்துப் பொங்கி நீறும். அப்படி நீற்றிய சுண்ணாம்பை மணலோடு அரைத்துச் சுவரில் பூசினால், காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. இதற்கு மாதங்கள், சில சமயம் வருஷங்கள் பிடிக்கும். ஆகவே சுண்ணாம்பு வேலைக்கு முதல் மூலதனம் பொறுமை.

இது நமக்கு மட்டும் தெரிந்த ரகசியம் அல்ல. மூன்று வருஷத்துக்குக் குறைவாக ஊறிய சுண்ணாம்பைக் கட்டிட ஒப்பந்தக்காரர் உபயோகிக்கக் கூடாது என்று ரோமாபுரியில் பழைய சட்டம் இருந்ததாகப் பிளினி எழுதியிருக்கிறார். ஆனால் மேல் பூச்சைக் கண்ணாடி போல் மெருகேற்றும் கலையில் நம் தென்னாட்டுக் கொத்தனார்களுக்குத் தனிப் பெயர் இருந்தது. 'மெட்ராஸ் சுனம்' என்றே வெள்ளைக்காரர்கள் அதை அழைத்தார்கள். செயின்ட் ஹெலினா தீவின் கவர்னராக இருந்த ஐசக் பைக் என்பவர், சென்னையில் உயர்ந்த சாந்து தயாரிக்கும் முறையை விவரித்து எழுதிய கட்டுரை 1732-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் சஞ்சிகையில் வெளிவந்தது. வெல்லமும் கடுக்காயும் அந்த முறையில் இடம் பெறுகின்றன. காலா கில்லா கட்டுவதற்கு ஐந்து வருஷம் முந்திய சமாசாரம் இது. நம் கொத்தனாரின் கைப்பக்குவம் லண்டனில் அச்சேறியது. நாம் அதை எழுதி வைக்கவில்லை.

வெல்லமும் கடுக்காயும் எதற்கு? வெல்லம் சாந்து சட்டென்று இறுகாமல் பார்த்துக்கொண்டு, பூசுவதற்கு இளக்கம் தருகிறது. கடுக்காயின் துவர்ப்பு சாந்தை நன்றாகப் பிணைக்க உதவுகிறது. கடைசிப் பூச்சில் தயிர், நெய், முட்டை வெள்ளைக்கரு ஆகியவற்றைச் சேர்த்து வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். முட்டை என்றதும் நம் வாசகர்கள் திடுக்கிட வேண்டாம். அது மேல் மினுமினுப்புக்குத்தான். சுவரைக் காப்பது நல்ல சுண்ணாம்பும் நல்ல மணலும் கையில் நிதானமும்.

சுண்ணாம்புப் பூச்சு எவ்வளவு நாள் தாங்கும் என்று கேட்பவர்களுக்குத் தஞ்சைப் பெரிய கோயிலே பதில். கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில் சோழர் காலத்து ஓவியங்கள் சுண்ணாம்புப் பூச்சின் மேல்தான் தீட்டப்பட்டிருக்கின்றன. பிற்காலத்தில் நாயக்கர் காலத்தவர் அதன்மேல் இன்னொரு பூச்சுப் பூசி வேறு ஓவியம் வரைந்துவிட்டார்கள். அடியில் இருப்பது 1931-ல்தான் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டு சொல்லி உலகுக்குத் தெரிந்தது. ஆயிரம் வருஷமாகியும் அடிப்பூச்சு சுவரை விடவில்லை.

சிமெண்ட் எப்படி வீட்டுக்குள் வந்தது

சிமெண்ட் பல மடங்கு வேகமானது. செக்கு வேண்டாம், ஊறப்போட வேண்டாம், காளை மாடு வேண்டாம். மூட்டையைப் பிரித்து மணலும் தண்ணீரும் கலந்தால் போதும். மறுநாள் சுவர் கெட்டியாக இருக்கும். ஆனாலும் வெகுகாலம் அது சுலபமாகக் கிடைக்கவில்லை. சிமெண்டுக்குப் பெர்மிட் வாங்க அலைந்த காலம் மூத்த அங்கத்தினர்களுக்கு நினைவிருக்கும். 1982-ல் கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்தது. 1989-ல் முழுவதும் நீங்கியது. பிறகு சிமெண்ட் மூட்டை கிராமத்து மளிகைக் கடைக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தது. சுண்ணாம்புச் செக்கு கேட்பாரற்றுப் போயிற்று. செக்கு ஓட்டத் தெரிந்தவரின் பிள்ளை வேறு வேலைக்குப் போனார்.

மும்பையில் நடந்தது இன்னொரு விதம். 1947-ல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய வாடகையை அப்படியே நிறுத்திவிட்டது. வருகிற வாடகையில் சொந்தக்காரரால் பழுதுபார்க்க முடியவில்லை. குடியிருப்பவரோ தனக்குச் சொந்தமில்லாத சுவருக்குச் செலவிடத் தயங்கினார். கட்டிடங்கள் இடிந்து விழவே, அரசு 1969-ல் சட்டம் இயற்றி, செஸ் வரி வசூலித்துப் பழுதுபார்க்க ஒரு போர்டை அமைத்தது. நம்மில் பலர் குடியிருக்கும் 'செஸ் பில்டிங்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். அவசர வேலைக்குக் கைக்கெட்டியது சிமெண்ட். பழைய சுவர்களில் பொத்தல் அடைக்கவும் அதுவே போயிற்று.

சிமெண்ட் கெட்ட பொருள் என்று யாரும் சொல்லவில்லை. அணைக்கட்டும் மேம்பாலமும் நாம் இன்று வசிக்கும் அடுக்குமாடிகளும் அதனால் நிற்கின்றன. பழைய சுவரோடு அது சேராது என்பதே விஷயம்.

பழைய வீட்டுச் சுவருக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் கான்கிரீட் பட்டை கிடையாது. பூமியிலிருந்து ஓதம் செங்கல் வழியாக மேலே ஏறும். காரை மெத்தென்று நுண்துளைகளோடு இருப்பதால் அந்த ஈரம் வெளியே வந்து உலர்ந்துவிடும். ஈரத்தோடு வரும் உப்பும் காரையிலேயே தங்கி, பல வருஷம் கழித்துக் காரையோடு உதிரும். அதாவது சுவருக்குப் பதில் காரை தன்னைத் தேய்த்துக்கொள்கிறது. காரையைப் புதுப்பிப்பது எளிது. சுவரைப் புதுப்பிப்பது எளிதல்ல.

அதன்மேல் இறுக்கமான சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. அது சிமெண்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு, பூச்சு முடிகிற இடம்வரை மேலே ஏறும். முழங்கால் உயரத்தில் இருந்த ஓதம் இடுப்பு உயரத்துக்கு வரும். உப்பு உள்ளேயே படிகமாகி மிருதுவான பழைய செங்கல்லைப் பொடியாக்கும். சுவர் வெயிலுக்கும் குளிருக்கும் மெல்ல அசையும்போது, சுண்ணாம்பு அதோடு இசைந்து கொடுக்கும். சிமெண்ட் விறைத்து நின்று விரிசல் விடும். அந்த விரிசல் வழியே புதிய மழைத் தண்ணீர் உள்ளே போகும். மழைக் காலத்தில் சராசரி 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் மும்பையில் இதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. சிமெண்ட் பெயரும்போது தனியாகப் பெயராது. ஒட்டிக்கொண்டிருக்கும் செங்கல்லின் முகத்தையும் கூடவே பிய்த்துக்கொண்டு வரும்.

திரும்பி வந்தவர்கள்

இது இன்று பழைய கட்டிடங்களைப் பாதுகாக்கும் நிபுணர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். நாட்டிலேயே முதன்முதலாக நகர அளவில் புராதனக் கட்டிடப் பாதுகாப்பு விதிகளை 1995-ல் கொண்டுவந்தது மும்பைதான். பைகல்லாவில் 1872-ல் திறந்த மியூசியம், இப்போது டாக்டர் பாவு தாஜி லாட் மியூசியம், பொறுமையாகச் சீரமைக்கப்பட்டு 2005-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதுகளில் முதல் தர விருதைப் பெற்றது. 2008-ல் மறுபடி திறக்கப்பட்டது. பழையதை இடிக்காமல் மீட்கலாம் என்று நகரத்துக்குக் காட்டிய வேலை அது.

சென்னையில் இன்னும் நேரான உதாரணம் இருக்கிறது. ஆற்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனையில் கலச மகால் பகுதி 2012 ஜனவரியில் தீக்கிரையானது. இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாகக் கட்டுவது சுலபமாக இருந்திருக்கும். தமிழ்நாடு பொதுப்பணித் துறை அப்படிச் செய்யாமல், பழைய முறைப்படி சுண்ணாம்புச் சாந்து அரைத்தே அதை எழுப்பியது; அடுத்தாற்போல் ஹுமாயூன் மகாலுக்கும் அதே முறையைக் கையாண்டது. அரசாங்கத் துறை டெண்டர் விட்டுச் செய்ய முடிகிற வேலை, நம் கூடத்துச் சுவருக்கு முடியாது என்பதற்கில்லை.

கண்ணால் பார்த்துத் தொட்டு அறிய விரும்புவோர் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு அருகே, 1996-ல் திறந்த தக்ஷிணசித்ராவுக்குப் போகலாம். திருநெல்வேலிப் பக்கத்து அக்ரஹார வீடு அங்கே திண்ணையோடும் முற்றத்தோடும் நிற்கிறது. குழந்தைகளையும் அழைத்துப் போங்கள். தாத்தா பாட்டி சொன்ன 'ரேழி' எது என்று அவர்களுக்கு அங்கே புரியும்.

பணம் அனுப்புவதற்கு முன்

ஊர் வீட்டைப் பழுதுபார்க்க உத்தேசிக்கும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள்.

முதலில், சுவர் எதனால் ஆனது என்று பாருங்கள். பெயர்ந்த துண்டு வெளுப்பாக, நகத்தால் கீறினால் உதிர்வதாக இருந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருந்தால் சிமெண்ட். கம்பி போட்ட கான்கிரீட் கட்டிடத்துக்கு இந்த வைத்தியம் பொருந்தாது. அங்கே நோய் கம்பி துருப்பிடிப்பது. அதற்கு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினீயர்தான் வர வேண்டும்.

இரண்டாவது, பூச்சுக்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஓடு உடைந்ததா, தூம்பு அடைத்ததா, குழாய் கசிகிறதா? தெருவில் ரோடு போட்டுப் போட்டு உயர்ந்து, வாசல் தாழ்ந்துபோய் மழைத்தண்ணீர் சுவரடியில் தேங்குகிறதா? இதைச் சரி செய்யாமல் எந்தப் பூச்சும் நிற்காது.

மூன்றாவது, முழுச் சுவரையும் கொத்த வேண்டாம். விரல் மொட்டால் தட்டிப் பார்த்து, பொள்ளலாகச் சத்தம் கேட்கும் இடத்தை மட்டும் எடுத்தால் போதும். முன்பு அப்பிய சிமெண்டைச் சிற்றுளியால் மெதுவாகப் பெயர்க்க வேண்டும். பிறகு தூசியைத் துடைத்து, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, சுவரை நன்றாக நனைக்க வேண்டும். காய்ந்த செங்கல் சாந்தின் தண்ணீரை உறிஞ்சிக் காரையைச் சாகடித்துவிடும்.

நான்காவது, சாந்து. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கு அடியில் சில வாரமாவது ஊற விட்டால் நல்லது. அதிக நாள் ஊறினால் மேலும் நல்லது. பொதுவாக ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு உப்பில்லாத சுத்தமான மணல்; ஓதம் அதிகமான இடத்தில் மணலில் ஒரு பகுதிக்குப் பதில் செங்கல் பொடி. உடைத்த கடுக்காயையும் வெல்லத்தையும் சில நாள் ஊறவைத்து வடிகட்டிய தண்ணீரைச் சேர்ப்பது வழக்கம்; அளவு மீறினால் சாந்து இறுகத் தாமதமாகும். 'கொஞ்சம் சிமெண்ட் போட்டால் சீக்கிரம் பிடிக்கும்' என்று யோசனை வரும். அதற்குத்தான் சம்மதிக்கக் கூடாது.

ஐந்தாவது, ஒரே தடவையாகக் கனமாக அப்பாமல், சுமார் 10 மில்லிமீட்டர் கனத்தில் படிப்படியாகப் பூச வேண்டும். ஒரு பூச்சு இறுகிய பின்தான் அடுத்தது. நேர் வெயில் படாமல் ஈரச்சாக்கு தொங்கவிட்டுப் பல நாள் ஈரம் காக்க வேண்டும். தமிழ்நாட்டில் வடகிழக்கு மழை ஓய்ந்த பின் தை, மாசி மாதங்கள் இதற்கு ஏற்றவை. கடைசியில் வெள்ளையடிப்பதும் சுண்ணாம்பாகவே இருக்கட்டும். பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் மறுபடியும் சுவருக்கு மூச்சு முட்டும். சுண்ணாம்பு நீற்றும்போது கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. வேலை செய்பவருக்குக் கண்ணாடியும் கையுறையும் வாங்கிக் கொடுக்க வேண்டியது வேலை கொடுப்பவர் பொறுப்பு.

செலவு? நாள் அதிகமாகும், கூலியும் கூடும். ஆனால் சிமெண்ட் பூசி, பெயர்ந்து, மறுபடி பூசி, கடைசியில் வீட்டையே இழப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வரும்.

கோயில் கும்பாபிஷேகத்துக்காகக் கோபுரச் சுதை வேலை செய்பவர்களில் சுண்ணாம்பின் பக்குவம் தெரிந்தவர்கள் இன்னமும் உண்டு. செட்டிநாட்டு வீடுகளில் வேலை பார்த்த மூத்த கொத்தனார்களும் இருக்கிறார்கள். ஊருக்குப் போகும்போது அப்படிப்பட்டவரைத் தேடிப் பிடியுங்கள். ஒரு சுவரையாவது அவரைக் கொண்டு செய்யுங்கள். பக்கத்தில் ஓர் இளம் கொத்தனாரையும் நிற்க வையுங்கள். அவர் அளவு சொல்லும்போது ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஊர்ச் சுண்ணாம்பு, எத்தனை நாள் ஊறியது, கடுக்காய் எத்தனை என்று தேதியோடு எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். அடுத்த தடவை காரை பெயரும்போது வீட்டைப் பார்த்துக்கொள்பவர் உங்கள் பேரனாகவோ பேத்தியாகவோ இருக்கலாம். அவர்களுக்கு அந்த நோட்டு வேண்டியிருக்கும்.